ஊர் பார்க்கப் போனவள்

மழை பிடித்துக்கொண்ட அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில் அவள் கண்ணில் முதலில் பட்டது ஒரு குழந்தை வண்டி.

நீல நிறம். கூரையை இழுத்து மூடி, உள்ளே பூப்போட்ட போர்வையை இறுக்கிப் போர்த்தி... பின்னால் குடைகூட இல்லாமல் ஒரு மனிதன். மேட்டுத் தெருவின் நடைபாதை விளிம்பில் நின்று வண்டியைச் சாலையில் தடக்கென்று இறக்கினான். திரும்ப ஏற்றினான். மறுபடி இறக்கினான். ஏற்றினான். உள்ளே இருக்கும் உயிர் ஒரு முனகல்கூடக் காட்டவில்லை. பயத்தில் உறைந்துவிட்டதோ என்னவோ...

அவள் தோளில் ஒரு துணிப்பை. பை நிறைய உருளைக்கிழங்கு. ரயில் நிலையத்திலிருந்து அதைச் சுமந்து ஏறிவந்த எரிச்சல் அதுவரை தோளில் இருந்தது. இப்போது வாய்க்கு வந்தது.

“ஏங்க, கொஞ்சமாவது இருக்கா உங்களுக்கு?”

அவன் திரும்பினான். நெற்றியில் ஒட்டிய முடி, காதில் ஒரு பென்சில். “என்னது?”

“ஈவு இரக்கம்.”

“தெரியலையே. எதுக்குக் கேக்கறீங்க?”

“குழந்தை நனையுது.”

அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். “ஆமா. நனைஞ்சா கொஞ்சம் கனம் கூடும். பரவால்ல, இன்னும் நல்லது.”

அவள் ஓரடி கிட்டே வந்தாள். “யார் பெத்த பிள்ளைங்க இது?”

“தெரியாதுங்க. ஆபீஸ்ல குடுத்தாங்க.”

அதற்குமேல் பொறுக்க அவளால் முடியவில்லை. பாய்ந்து போர்வையை இழுத்தாள். உள்ளே, கழுத்தில் சணல் கட்டி, வயிற்றில் அரசாங்க முத்திரை குத்தி, நிம்மதியாகப் படுத்திருந்தது ஒரு மணல் மூட்டை.

பை நழுவியது. மேட்டு ஊரில் உருண்டையான எதையும் கீழே போடக் கூடாது என்பதை அவள் அன்றுதான் கற்றுக்கொண்டாள். கிழங்குகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு தெருவோடு இறங்கின. பின்னால் அவள். அவளுக்குப் பின்னால் அவன். அவனுக்குப் பின்னால், பிரேக் போடாமல் விட்ட வண்டி... கடைசிக் கிழங்கை டிராம் நிறுத்தத்தில் கண்டக்டர் காலால் தடுத்து நிறுத்தினார். வண்டியையும் அவரே பிடித்தார். “குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

நிறுத்தத்தின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். அவன் சட்டை நுனியால் கிழங்குகளைத் துடைத்துத் துடைத்துப் பையில் போட்டான்.

“என் உத்தியோகப் பேரைக் கேட்டா பயந்துடுவீங்க,” என்றான். “நகர்ப்புற நடைவசதி கள மதிப்பீட்டு உதவியாளர். குழந்தை வண்டி போற மாதிரி நடைபாதை இருக்கான்னு தள்ளிப் பாத்து மார்க் போடணும். வெறும் வண்டி தள்ளினா கணக்கு சரியா வராதுன்னு மணல். வெறும் மணல் தள்ளினா தெருவே சிரிக்குதுன்னு போர்வை. போர்வை என் கைக்காசு.”

“பூப்போட்டது?”

“தள்ளுபடில அதுதான் இருந்தது. நானாவது ஆபீஸ் சொல்லித் தள்றேன். நீங்க எதுக்கு ரயிலேறி வந்து கிழங்கு சுமக்கறீங்க? இந்த ஊர்லயும் விக்கறாங்களே.”

“ஊர் பாக்க வந்திருக்கேன்.”

“கிழங்கோடவா?”

பெண் பார்க்கப் போகிறவர்கள் பாடச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள். அவள் ஊர் பார்க்கப் போகிறபோது உருளைக்கிழங்கோடு போவாள். நிலையத்தில் இறங்கி, ஒரு வீட்டுக்கு ஆகிற காய்கறிச் சுமையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாடகைக்கு வீடு கிடைக்கும் தெருவரைக்கும் போய்ப் பார்ப்பது. எத்தனை இடத்தில் சாலையில் இறங்கி நடக்க வைத்தார்கள், பஸ் வந்ததா, வந்தது நின்றதா, உட்கார ஒரு பெஞ்சாவது உண்டா... எல்லா ஊரும் அழகாக ஒரு விளம்பரப் புத்தகம் போட்டிருந்தது. எல்லாப் புத்தகத்தின் அட்டையிலும் ஒரே குடும்பம் சிரித்துக்கொண்டு நடந்தது. அந்தக் குடும்பத்தை எந்த ஊர்த் தெருவிலும் அவள் பார்த்ததில்லை.

அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவளிடம் யாராவது கண்ணழகைப் பற்றி உருகினால் சிரிப்புத்தான் வரும். எப்பேர்ப்பட்ட காந்தக் கண்ணுக்கும் ஒரு மைனஸ் பவர் உண்டு என்பது அவள் கட்சி. ஆனால் அன்று, கடைசிக் கிழங்கைப் பையில் போட்டுவிட்டு அவன் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தானே... மழையில் இமைகள் நனைந்து ஒட்டியிருந்தன. இரண்டு கண்ணும் ஒன்றாக, சீராக அசைகின்றன என்று தொழில் முறையில் குறித்துக்கொண்டாள். தொழிலுக்கு வெளியே கவனித்ததைத் தனக்கே அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

ரயிலில் திரும்பும்போது மனத்துக்குள் அவனுக்கு ஒரு பேர் வைத்தாள். தள்ளுவண்டி.

அவளுக்கு ஊர் ஏன் வேண்டியிருந்தது என்றால், அம்மாவுக்காக.

சின்ன வயதில் அவர்கள் இருந்தது ஒரு பழைய தெருவில். அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. நடந்தே போவார். அவளுடைய பள்ளிக்கூடம் அதே வழி. அப்பா எப்போதும் வண்டிகள் போகிற பக்கம் நடப்பார். அவளைச் சுவர் பக்கம் விடுவார். முனை திரும்பினால் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடுவார். அது ஒரு நடனம் மாதிரி இருக்கும். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. சாயங்காலம் அம்மா ஒரே ஒரு நூல்கண்டு வாங்கப் புறப்படுவாள். தையல்காரர், புத்தகக் கடை, பல் டாக்டர் வீட்டு வாசல், சினிமாக் கொட்டகை ஜன்னல் என்று நின்று நின்று போய், நூல்கண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு திரும்புவாள். “நூல் எங்கே?” என்பார் அப்பா. “அடடே” என்று மறுபடி கிளம்புவாள். அதில் அம்மாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பா போன பிறகு அண்ணன் புது வீடு வாங்கினான். வாசலில் நீரூற்று, கேட்டில் சீருடை போட்ட காவலாளி, அவர் அடிக்கிற ஒரு சல்யூட். கேட்டைத் தாண்டினால் நேரே நான்குவழிச் சாலை. “வாசல்லயே ஹைவே” என்று அண்ணன் விருந்தாளிகளிடம் சொல்லும்போது, அந்தச் சாலையைத் தானே போட்ட மாதிரி ஒரு அடக்கம் குரலில் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு பால்கடை. பால்கனியிலிருந்து பார்த்தால் கடைக்காரர் பல் குத்துவதுகூடத் தெரியும். போக வேண்டுமென்றால் காரில் ஏறி, எங்கேயோ இருக்கும் மேம்பாலத்துக்குப் போய், திரும்பி வர வேண்டும். ஆகவே அம்மாவும் பால்கடைக்காரரும் தினமும் ஒருவருக்கொருவர் கையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

“அம்மாவுக்கு என்ன குறை?” என்பான் அண்ணன். “ஒரு போன் போட்டா கார் வந்து நிக்கும்.”

நிற்கும்தான். மீட்டிங் முடிந்து, வாட்டர் வாஷ் முடிந்து, அண்ணனுக்கு மனசும் வந்த பிறகு. அதுவரை அம்மா நல்ல புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் சாயங்காலம்வரை. அப்புறம் எழுந்துபோய்ப் புடவையை மடித்து வைப்பாள்.

அவளுடைய கண்ணாடிக் கம்பெனி சில நகரங்களில் புதுக் கிளை திறந்தது. போக விரும்புகிறவர்கள் ஊரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். மற்ற ஊர்களெல்லாம் கிழங்கில் தோற்றன. மிஞ்சியவை இரண்டு. சமவெளியில் இருந்த நகரம் ஒன்று. கிழங்கைப் பற்றிய நினைப்பே வராமல் வீடுவரை நடந்துவிட முடிந்தது. ஆனால் சப்பென்று இருந்தது, சட்டமாக இஸ்திரி போட்டு வைத்த சட்டை மாதிரி. இன்னொன்று இந்த மேட்டு நகரம். வளைந்த தெரு, பழைய கடைகள், மணியடித்துக்கொண்டு மேடேறும் டிராம்... அந்தப் பழைய தெருவின் சாடை இதில் இருந்தது. ஒரு வேளை, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். ஊரை இன்னொரு தரம் சரிபார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் காரணம் சொன்னாள்.

“போன தடவ கிழங்கு சரியா வேகலையா?” என்றாள் அம்மா.

மேட்டு நகரத்தில் அவன் அதே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். தற்செயலாக. இருவருமே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

“வாங்க, கிழங்கு மேடம்.”

“எப்படி இருக்கான் பையன்?”

“வளரவே மாட்டேங்கறான்.”

அவன் தள்ள, அவள் கூட நடந்தாள். எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்த முனையில் வாகனக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு திரும்புவார்கள், எந்த பெஞ்சில் வெயில் கடைசிவரை இருக்கும்... சொல்லிக்கொண்டே போனான். ஒரு முனை திரும்பும்போது வண்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தான். அவள் சுவர் பக்கம் ஆனாள். இன்னொரு முனை. மறுபடி மாறினான். பேச்சு எங்கேயும் நிற்கவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. அவள்தான் நின்றுவிட்டாள்.

“என்ன, காலு வலிக்குதா?”

“இல்ல... ஒண்ணும் இல்ல. போங்க.”

பள்ளிக்கூடச் சீருடையில், ஈர முடியை இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொண்டு, எத்தனையோ வருஷம் தள்ளி எங்கேயோ நின்றுவிட்டு வந்தாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது...

டிராமில் ஏறினார்கள். எதிர் சீட்டில் ஒரு பெண்மணி, வண்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள். “எத்தனை மாசம்?”

“போன வருஷம் வாங்கினதுங்க,” என்றான் அவன்.

“வாங்கினதா?”

“வண்டியைச் சொல்றாரு,” என்று அவள் குறுக்கே விழுந்தாள். “தூங்கறான். எழுப்பிடாதீங்க.”

பெண்மணி போர்வையை மரியாதையாக எட்டிப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. அதனால் என்ன? “அப்படியே அப்பா ஜாடை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வெகுநேரம் இருவரும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் வேறு வேறு ஜன்னல்.

அந்த மாதம் ஊருக்கு ஒரு விழாவும் வந்தது. ‘பாதங்களின் தலைநகரம்’ என்று அவன் துறை ஒரு திட்டம் அறிவித்திருந்தது. புதிதாகக் கல் பதித்த நடைபாதையைத் திறந்துவைக்க ஆணையர் வந்தார். ஆணையர் காரில் வந்தார். துணை ஆணையர் இன்னொரு காரில் வந்தார். மாலையும் கத்தரிக்கோலும் தனித்தனிக் காரில் வந்தன. இத்தனை கார் நிறுத்த வேறு இடம் இல்லாததால், எல்லாம் புது நடைபாதையிலேயே நிறுத்தப்பட்டன. நடப்பதன் நன்மையை ஆணையர் மேடையில் விளக்கிய நேரம் முழுக்க, வழியில்லாத ஜனங்கள் சாலையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ரிப்பனை வெட்டி, புகைப்படக்காரர் “போதும் சார்” என்று சொல்லும்வரை நடந்து, காரில் ஏறினார்.

“உங்க பெரிய சார் நல்லா நடக்கறாரு,” என்றாள் அவள்.

“போன விழாவை விட இப்ப ரெண்டடி கூட,” என்றான் அவன் பெருமையாக.

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வந்தது. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான். அதில் மணல் இருந்தது. கண் சோதிப்பவள் கண்ணிலேயே மணல் விழுந்து, அவள் முகத்தை அண்ணாந்து காட்ட, அவன் பயந்து பயந்து ஊத... ஊதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். ஒரு மணல் துணுக்குக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

வீடும் கிடைத்தது. டிராம் போய் நிற்கும் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மேட்டின் உச்சியில், மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. அம்மா முட்டி வலிக்காரி. ஆனால் டிராம் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும் என்றால் என்ன கவலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அண்ணனும் வந்து பார்த்து, முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, டிராமில் கூட்டமில்லை. முன்பு கிழங்கைக் காலால் நிறுத்திய அதே கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மேல குடி வரீங்களாமே? வாங்க வாங்க. ஆனா அடுத்த வருஷம் நாங்க இருக்க மாட்டோம்மா. இந்த மேட்டுத் தடத்தை நிறுத்தறாங்க. கார் போக வட்டச் சாலை வருதாம். கையெழுத்தே ஆயாச்சு, வெளியில இன்னும் சொல்லல.”

அவள் கையிலிருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிராம் இல்லையென்றால் அந்த மேட்டை அம்மா எப்படி ஏறுவாள்? நிறுத்தம் நிறுத்தமாக மனம் சமாதானம் தேடியது. மெதுவா ஏறிப்பாங்க. அடிக்கடியா வெளியில போகப் போறாங்க? ஒரு போன் போட்டா நான் டாக்சி அனுப்ப மாட்டேனா...

அவளுக்குச் சுரீரென்றது. உள்ளே பேசிய குரல் அண்ணன் குரல்.

அப்படியும் வேறு வீடு பார்ப்போம் என்று தோன்றவில்லை. கீழே வீடு எடுத்தால், அவன் சனிக்கிழமை வருகிற தெருக்கள் அங்கே இல்லை. வேறு ஊர் என்றால் அவனே இல்லை. கடைசி நிறுத்தத்தில் அவன் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான், மழைக்கு முந்திய காற்றில் சட்டை படபடக்க. அவனிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். அவன் துறை, அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவன் சொன்னால் அந்தப் பாரம் இறங்கிவிடும். இல்லை... உண்மையில் அவனைச் சோதித்தாள். ஊர்களைச் சோதித்துச் சோதித்துப் பழகிய புத்தி.

“ஒண்ணு கேக்கறேன். மனசுல பட்டதைச் சொல்லணும். அம்மாவைக் கூட்டிட்டு இங்க வரலாமா?”

அவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான். தூரத்தில் இறங்கிப் போகும் டிராமைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“நல்ல வீடு,” என்றான். “நடைபாதை அகலமா இருக்கு... வாங்க.”

மழை வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே இடத்தில், அதே நிமிஷத்தில், அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உற்சாகமாக மாடி ஏறினாள். அண்ணன் உடனே வரவில்லை. காரை நிறுத்த இடம் தேடிப் போனவன், அம்மா சமையலறை ஜன்னலைப் பார்த்து, வீட்டுக்காரம்மாவோடு பேசி, தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான், வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்து சேர்ந்தான். “என்ன ஊரு இது? பார்க்கிங்கே இல்ல. மனுஷன் இருப்பானா?”

“மனுஷங்கதான் இருக்காங்க. காருக்குத்தான் இடமில்ல,” என்றாள் அம்மா.

அண்ணன் பணத்தை எடுத்த நேரத்தில் வாசலில் அவன் வந்து நின்றான். வண்டி இல்லாமல் அவனைப் பார்க்க, எதையோ தொலைத்தவன் மாதிரி இருந்தது. இரவு தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

“முன்பணம் குடுக்காதீங்க,” என்றான்.

“நீ யாருப்பா?” என்றான் அண்ணன்.

“நடைபாதையில மணல் தள்றவன் சார்.” பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னான். “அடுத்த வருஷம் இந்த டிராம் நிக்குதும்மா. முடிவாயிடுச்சு. அதுக்கப்புறம் உங்க முட்டியை வச்சுக்கிட்டு இந்த மேடு ஏற முடியாது. நேத்து இவங்க கேட்டாங்க. தெரிஞ்சும் நான் சொல்லல. தப்பு.”

வீட்டுக்காரம்மா தன் சமையலறைக்குள் அவசரமாக ஏதோ தேடப் போனாள்.

எனக்கும் தெரியும் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. அம்மா பக்கத்தில் நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, புது ஊர் பார்க்க வந்த முகத்தோடு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு, தெரிந்தேதான் உன்னை இங்கே கொண்டுவந்து அடைக்க இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவமானம் கோபமாகச் சட்டை மாற்றிக்கொண்டது.

“நேத்து ஏன் சொல்லல?” என்று கேட்டாள். நீதிபதி மாதிரி.

“காரணம் இருக்கு. இத்தனை பேர் முன்னாடி சொல்ற காரணம் இல்ல.”

“வேண்டாம். சொல்ல வேண்டாம். உங்களை நம்பினேன் பாருங்க...”

அவன் தலையை ஆட்டினான். படியிறங்கப் போனவனை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். “என் முட்டி உன்னை மறக்காதுப்பா,” என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் கார் கண்ணாடியில் மழை வழிந்தது. அண்ணன் ஊர்களைப் பற்றிப் பொதுவாகச் சில கருத்துகள் சொன்னான். அம்மா மட்டும் ஒரு தரம் அவள் பக்கம் திரும்பி, “அந்தப் பையன் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான்,” என்றாள்.

சமவெளி நகரத்தையே எழுதிக் கொடுத்தாள்.

இஸ்திரிச் சட்டை போட்ட ஊர்தான். ஆனால் வீட்டுக்குக் கீழே பஸ் நின்றது, தெரு முழுக்க மர நிழல் இருந்தது. முதல் வாரம் அம்மா பால் வாங்கக் கீழே இறங்கினாள். ஒரு மணி நேரமாக ஆளைக் காணவில்லை. பதறிப்போய் அவள் தேடி ஓடினால், கடை வாசலில் யாரோ ஒருத்தியின் மருமகள் சங்கதியில் அம்மா பாதி தூரம் போய்விட்டிருந்தாள். கையில் பால் இல்லை.

“பால் எங்கம்மா?”

“அடடே,” என்றாள் அம்மா.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பாவை நினைத்து அழுதாளா, அந்தத் தெருவை நினைத்தா, கழுத்தில் சணல் கட்டிய ஒரு மணல் மூட்டையை நினைத்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவன் வாயைத் திறந்திருக்காவிட்டால் இன்று அம்மா மேட்டு ஜன்னலில் உட்கார்ந்து கீழே இருக்கும் யாருக்காவது கையாட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வருஷம் மேட்டு டிராம் நின்றது. துறை அதற்கும் ஒரு வண்ணப் புத்தகம் போட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் பிறகு, ஒரு மாலை. கடை மூடும் நேரம்.

“அடுத்தவங்க வரலாம்,” என்றாள் இருட்டறைக்குள்ளிருந்து. யாரோ வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். விளக்கைத் திருப்பினாள்.

கை அப்படியே நின்றது.

“என்ன தொந்தரவு?”

“தூரத்துல இருக்கறது சரியாத் தெரியல,” என்றான் அவன்.

“எவ்வளவு நாளா?”

“நீங்க போனதுலேர்ந்து.”

அவள் கனமான சோதனைச் சட்டத்தை அவன் காதில் மாட்டினாள். ஒரு லென்ஸைப் போட்டாள். “எதிர்ல எழுத்து தெரியுதா? இப்ப நல்லா இருக்கா... இல்ல, இப்ப நல்லா இருக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல.”

“தெரியும். அங்க ஆபீஸ்ல டாக்டர் பாத்துட்டாரு. டிராம் நின்ன அப்புறம் அந்தத் தெருவுக்குச் சைபர் மார்க் போட்டேன். பெரிய சாருக்கு என் பார்வையில சந்தேகம் வந்துடுச்சு.” சட்டத்துக்குள்ளிருந்து பெரிய பெரிய கண்களாக அவளைப் பார்த்தான். “அன்னிக்குச் சொல்லாம விட்ட காரணத்தைச் சொல்லிட்டுப் போலாம்னு, நீங்க எந்தக் கிளைன்னு விசாரிச்சு வந்தேன். நீங்க வேற ஊருக்குப் போயிடுவீங்களோன்னு பயம். அவ்வளவுதான். ஒரு ராத்திரி முழுக்க உங்க அம்மா முட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்... விடியறப்ப முட்டி ஜெயிச்சிடுச்சு. உங்களைப் பிடிச்சிருக்குங்க. அதை மொதல்லயே சொல்லியிருந்தா பொய் சொல்லியிருக்க வேண்டாம்.”

இப்படிப்பட்ட இடத்தில் மழை பெய்ய வேண்டும். பெய்யவில்லை. வெளியே யாரோ ஷட்டரைப் பாதி இறக்கி, “மேடம், பூட்டலாமா?” என்றார்கள்.

தெருவில் இறங்கினார்கள். மாலை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பஸ் நிறுத்தத்தில் அம்மா நின்றிருந்தாள், தெருக்காரி ஒருத்தியோடு, நல்ல புடவையில். அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“வந்துட்டியாப்பா? இவ்வளவு நாள் எங்க போன?” என்றாள். அதற்குள் பஸ் வந்தது. “எனக்கு இப்ப நேரமில்ல. சினிமாவுக்குப் போறோம். வீட்ல டீத்தூள் இருக்கு, போட்டுக் குடிங்க.” முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஆனால் யார் கையையும் பிடிக்காமல், ஏறிப் போய்விட்டாள்.

போகும் பஸ்ஸையே பார்த்தபடி அவள் சொன்னாள்.

“டிராம் நிக்கப் போகுதுன்னு எனக்கும் தெரியும்.”

“என்னது?”

“அன்னிக்கு உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடியே கண்டக்டர் சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் கேட்டேன். தெரிஞ்சுதான் மறுநாள் பணம் கட்ட உக்காந்திருந்தேன்.” நடக்க ஆரம்பித்தாள். “நீங்களாவது ஒரு ராத்திரி முழிச்சு யோசிச்சீங்க. நான் நல்லாத் தூங்கினேன்.”

அவன் நடையை நிறுத்திவிட்டான். “அம்மா மேட்டுல மாட்டிக்குவாங்கன்னு தெரிஞ்சுமா? எதுக்குங்க?”

“அந்த வீட்ல அப்படி என்ன இருந்தது? குழாய்கூட ஒழுகுது.” அவனைப் பார்க்காமலே சொன்னாள். “அந்தத் தெருவுல சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க வருவீங்க. அதுக்குத்தான். இதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் உங்களைத் திட்டி அனுப்பினேன்.”

அவன் வண்டிகள் போகிற பக்கத்துக்கு வந்து நடக்க ஆரம்பித்தான்.

நடக்க நடக்க வீடு வந்துவிட்டது. எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து பிடித்த வீடு. கடைக்கு இவ்வளவு பக்கத்தில் போய் வீடு பார்த்தோமே என்று அவளுக்கு முதல் முறையாகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“இதுதான் வீடா?” என்றான் அவன்.

“இல்ல,” என்றாள் அவள். “இன்னும் கொஞ்சம் போகணும்.”